கியோட்டோவில் ஓர் ஊதுவத்தி

கியோட்டோவில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான் கிடைத்தது. ஜூன் முதல் வாரம். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்பதால் பள்ளி விடுமுறையை விட்டால் வேறு காலம் இல்லை. செர்ரிப் பூ முடிந்து இரண்டு மாதம். மேப்பிள் இலை சிவக்க இன்னும் ஐந்து மாதம். மழைக்காலம் தொடங்கும் வாரம் வேறு. "யாருமே போகாத நேரமாப் பாத்துப் போறீங்க லா" என்று வேலையிடத்து நண்பர் சிரித்தார். டிக்கெட் மலிவாக இருந்ததே என்றேன். உண்மையில் எனக்குப் பாசி பார்க்க ஆசை. பாசிக்கு மழைக்காலம்தான் திருவிழா.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ள ஊரில் ஒரு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தங்கக் கோயில், மூங்கில் காடு, வரிசையாக நிற்கும் செந்நிற வாயில்கள் எல்லாவற்றையும் முதலிலேயே விட்டுவிட்டோம். தென்கிழக்கில் தொடங்கி, கிழக்கு மலையடிவாரத்தை ஒட்டியபடியே வடக்கு நோக்கிப் போவது திட்டம். தோஃபுகு-ஜி கோயில், முரின்-ஆன் தோட்டம், நன்சென்-ஜி கோயில் என்று நான் மூன்றை எழுதி வைத்திருந்தேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அவள் ஒன்றைச் சேர்த்தாள்: ரியோசென் கண்ணோன். சுற்றுலா நூல்கள் அதற்கு இரண்டு வரி ஒதுக்கினாலே அதிகம். ஏன் அது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் அவளுடைய பாட்டியைப் பார்க்கத் தெலுக் இந்தான் போயிருந்தோம். அம்மா வழிப் பாட்டி. வயது 90-ஐ நெருங்குகிறது. ஜப்பானுக்குப் போகிறோம் என்று பாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்பது மாமியாரின் யோசனை. பாட்டியிடம் எதையும் மறைத்துப் பழகாத இவள் போய்ச் சொல்லிவிட்டாள். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அங்க சோறு கெடைக்கும்ல தம்பி?" என்றார். கிடைக்கும் என்றேன். "அப்பச் சரி. போயிட்டு வாங்க. அவன் இங்க வந்தப்போ நமக்குத்தான் சோறு இல்ல. மரவள்ளிக்கெழங்குதான்."

அவ்வளவுதான் சொன்னார். சோற்றைத் தாண்டி இருப்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பாட்டிக்கு 7 வயதாக இருக்கும்போது அவருடைய அப்பா சயாமுக்கு ரயில் பாதை போடப் போனார். மூன்று மாதம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. வீட்டில் அவருக்குப் பெயர் 'சயாம் தாத்தா'.

*

தோஃபுகு-ஜிக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் ஒரே நிறுத்தம். நிலையத்திலேயே சோற்று உருண்டையும் கோப்பியும் வாங்கிப் பசியாறிவிட்டு ஏறினோம். நான் ரயில் பாதை ஓரத்து வடிகால்களை வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். எங்கே போனாலும் கண் முதலில் தண்டவாளத்துக்குத்தான் போகும். ஜல்லி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சன்னல் வழியே வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

1236-ல் தொடங்கப்பட்ட கோயில் அது. நாரா நகரத்தின் இரண்டு பெருங்கோயில்களான தோதாய்-ஜி, கோஃபுகு-ஜி ஆகியவற்றின் பெயரில் ஆளுக்குப் பாதி எடுத்துச் சேர்த்துத் தோஃபுகு-ஜி. அதன் பெரிய வாயில் 1425-ல் எழுந்தது. ஜப்பானில் இருக்கும் ஜென் கோயில் வாயில்களில் அதுதான் மிகப் பழையது. ஆனால் நாங்கள் வந்தது வாயிலுக்காக அல்ல. தலைமைத் துறவியின் இல்லத்தைச் சுற்றி நான்கு புறமும் நான்கு தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் வயது நூறுகூட ஆகவில்லை. 1939-ல் ஷிகெமொரி மிரெய் என்பவர் அமைத்தவை.

ஷிகெமொரி தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. ஓவியமும் பூ அலங்காரமும் படித்தவர். 1934-ல் முரொத்தோ புயல் பல பழைய தோட்டங்களைச் சிதைத்தது. சிதைந்தது எப்படி இருந்தது என்று சொல்லச் சரியான வரைபடம் இல்லை. அதன் பிறகு அவர் நாடு முழுக்கச் சுற்றி, நூற்றுக்கணக்கான தோட்டங்களை அளந்து, 26 தொகுதிகளாக வெளியிட்டார். அந்த வேலையைச் செய்த கையோடுதான் தோஃபுகு-ஜி அவரைக் கூப்பிட்டது. கோயிலிடம் பணம் இல்லை. அவர் கூலி வாங்காமல் செய்ய ஒத்துக்கொண்டார். கோயில் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வளாகத்தில் கிடக்கும் எந்தப் பழைய பொருளும் வீணாகக் கூடாது. எதையும் வீணாக்காதே என்பது ஜென் மடத்து விதி.

காலணியைக் கழற்றிவிட்டு மரத் திண்ணையில் ஏறினோம். தெற்கே பெரும்பாறைகள், வாரிவிட்ட வெள்ளைச் சரளை, மூலையில் பாசி மூடிய ஐந்து குன்றுகள். நம்மை நிமிர்ந்து உட்காரச் சொல்லும் தோட்டம் அது. வடக்கே போனால் எல்லாம் இளகிவிடுகிறது. சதுரக் கல், சதுரப் பாசி, சதுரக் கல் என்று சதுரங்கப் பலகைபோல் தொடங்கி, போகப் போகக் கற்கள் குறைந்து, கடைசியில் பாசி மட்டும் மிஞ்சுகிறது. கோயிலின் ஒரு வாயிலுக்கு முன்னால் நடைபாதையில் பதித்திருந்த பழைய கற்கள் அவை. தூறல் விழ விழப் பாசியின் பச்சை இன்னும் கூடிக்கொண்டே போனது. நான் அங்கே உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழவில்லை.

கிழக்கே சின்னத் தோட்டம். சரளைக்கு நடுவில் வெவ்வேறு உயரத்தில் ஏழு உருளைக் கற்கள். சப்தரிஷி மண்டலம். அந்தக் கற்கள் கோயிலின் பழைய கழிப்பறைக் கட்டடத்துக்கு அடித்தளமாக இருந்தவை. இதை நான் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "கக்கூஸ் கல்ல எடுத்து வானத்துல வச்சிட்டாரு." பிறகு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கல்லக்கூட விட மாட்டாங்க போல" என்றாள்.

வெளியே வரும்போது பெயர்ப்பலகையில் இருந்த வருடத்தைக் காட்டி, "1939" என்று மட்டும் சொன்னாள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். சீனாவில் போர் தொடங்கி இரண்டு வருடம். கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது 1941 டிசம்பர் 8. இந்தச் சரளையை முதன்முதலாக வாரியதற்கும் அதற்கும் இடையில் இரண்டு, இரண்டரை வருடம்தான்.

*

தோஃபுகு-ஜி நிலையத்திலிருந்து கெய்ஹான் ரயிலில் கியோன் போய், அங்கிருந்து நடந்தோம். கல் பதித்த தெருக்கள், வாடகைக் கிமோனோ அணிந்த இளம்பெண்கள், பச்சைத் தேநீர் ஐஸ்கிரீம். கோதாய்-ஜி கோயிலுக்குப் பெருங்கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, கூரைகளுக்கு மேலே, வெள்ளையாக ஒரு பெரிய தலை தெரிந்தது. அங்கே போக வரிசை இல்லை.

ரியோசென் கண்ணோன் பழைய கோயில் அல்ல. 1955-ல் ஒரு தொழிலதிபர் எழுப்பியது. இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்த 24 மீட்டர் உயரச் சிலை. இரண்டாம் உலகப் போரில் இறந்த சுமார் 20 லட்சம் ஜப்பானியருக்காக அங்கே நினைவுப் பலகைகள் வைத்து, ஒவ்வொரு நாளும் வழிபாடு நடத்துகிறார்கள். கண்ணோன் என்பது அவலோகிதேஸ்வரர்தான். ஜப்பானில் பெண் சாயலில் இருப்பார். உலகத்தின் குரல்களைக் கேட்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள்.

டிக்கெட் வாங்கினோம். கூடவே ஆளுக்கொரு ஊதுவத்தியைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தார்கள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வேறு இடமாக இருந்தால் வத்தியை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். இங்கே அது ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது.

சிலைக்கு முன்னால் சாம்பல் நிரம்பிய பெரிய கலம். எனக்கு முன்னால் ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி வத்தியை நட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். அந்த அம்மாவுக்கு அண்ணனோ அப்பாவோ இருந்திருக்கலாம். நான் என்னுடையதை நட்டேன். அவள் நடவில்லை. வத்தியைப் பிடித்தபடியே சிலையை விட்டு விலகி ஓரமாக நடக்கத் தொடங்கினாள். நானும் பின்னால் போனேன்.

அதே வளாகத்தில் இன்னொரு நினைவு மண்டபம் இருக்கிறது. உலகப் போரில் இறந்த, அடையாளம் தெரியாத வீரனுக்கானது. ஜப்பான் பிடித்து வைத்திருந்த நிலங்களில் இறந்துபோன நேசநாட்டுப் படைவீரர்களின் பெயர்களை அட்டை அட்டையாக அங்கே வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகிறவர்கள் தாத்தாவின் பெயரைத் தேடி அங்கே நிற்பார்கள் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். அதனால்தான் அந்த இடம் எங்கள் பட்டியலில் சேர்ந்தது.

எதிரியின் பெயரைத் தேடிச் சேர்த்து அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படைவீரனுக்கு ஒரு படைப்பிரிவு உண்டு, எண் உண்டு, அவனைத் தேடி வர ஓர் அரசாங்கம் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு என்ன இருந்தது?

சயாம் ரயில் பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். பிரிட்டிஷார் ஒரு காலத்தில் அளந்து பார்த்துக் கடினம் என்று கைவிட்ட தடம். ஜப்பானியர் 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் மொத்தம் 90,000 இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இருக்கலாம். காலரா வந்த முகாம்களில் மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வாசித்த நம் வாசகர்களுக்கு இதையெல்லாம் நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஒருவன் ஒரு நாள் வராவிட்டாலும் கிராணியின் ஏட்டில் குறிப்பு விழும், கூலி குறையும். அவ்வளவு கறாராக எண்ணப்பட்ட ஆட்கள்தான் பான் போங்கில் ரயிலை விட்டு இறங்கியதும் வெறும் தொகை ஆனார்கள்.

மண்டபத்துக்கு முன்னால் நின்றபடி அவள் கேட்டாள். "வத்திய வச்சி யாரு பேர சொல்றது? எனக்கு அவர் பேரே தெரியாதே. சயாம் தாத்தா, சயாம் தாத்தான்னே வளந்துட்டோம்."

அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய மனைவி புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை. பாட்டிக்கு அவர் 'அப்பா'. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சயாம் தாத்தா. இறந்த இடத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது.

புலனத்தில் அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அதற்குள் வத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. திரும்பி நடந்து, கண்ணோன் முன்னால் இருந்த கலத்தில், மற்ற வத்திகளை விட்டுத் தள்ளி ஓர் ஓரத்தில் நட்டாள். கைகூப்பவில்லை.

"வச்சிட்டியா" என்றேன்.

"சாமிக்கு வைக்கல. கை சுட்டுச்சு, வச்சேன்" என்றாள்.

*

மருயாமா பூங்கா வழியாக வடக்கே நடந்தோம். மழை விட்டிருந்தது. ஒரு சின்னக் கடையில் உடோன் சாப்பிட்டோம். முரின்-ஆன் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது.

நான் மிகவும் எதிர்பார்த்திருந்த தோட்டம் அது. 1890-களின் நடுவில் ஏழாம் ஒகாவா ஜிஹெய் அமைத்தது. பழைய ஜென் தோட்டங்களில் சரளைதான் நீராக நடிக்கும். இங்கே நிஜமான நீர். மேலே மூன்று அடுக்காக ஒரு சிற்றருவி. அதிலிருந்து கணுக்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை புல்வெளியில் வளைந்து வளைந்து வருகிறது. பின்னால் கிழக்கு மலை, தோட்டத்தின் சுவர் போலவே நிற்கிறது. ஓடையில் ஒவ்வோர் இடத்திலும் கல்லை வைத்த விதம் வேறு. ஓரிடத்தில் நீர் சலசலக்கிறது, அடுத்த வளைவில் சத்தமே இல்லை. சாய்வை எவ்வளவு குறைத்தால் நீர் தேங்காமலும் ஓடாமலும் நடக்கும் என்பது எங்கள் வேலையில் தினமும் வரும் தலைவலி. இந்த மனிதர் அதைக் காதால் அளந்து செய்திருக்கிறார்.

அந்த நீர் பிவா ஏரியிலிருந்து கால்வாய் வழியாக மலையைக் குடைந்து வருவது. அந்த வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கும் உயிர் அந்தக் கால்வாய்தான்.

தாத்தாமி பாயில் உட்கார்ந்து பச்சைத் தேநீர் குடித்தபடி நான் இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "இது யார் வீடு?" என்றாள்.

யமகத்தா அரிதோமோவின் வீடு. இரண்டு முறை பிரதமர். அதற்கும் மேலாக, நவீன ஜப்பானிய ராணுவத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர். 1873-ல் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்ததில் முதன்மையானவர். தோட்டத்தின் ஓரத்தில் மேற்கத்திய பாணியில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. 1903 ஏப்ரலில் யமகத்தாவும் இத்தோ ஹிரோபூமியும் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் அங்கேதான் கூடி ரஷ்யாவை எப்படி எதிர்கொள்வது என்று பேசினார்கள். அடுத்த வருடம் போர் வந்தது. கொரியா, மஞ்சூரியா, சீனா என்று அந்தப் படை நகர்ந்து நகர்ந்து கடைசியில் நம் தோட்டத்துப் பெரட்டுக் களம் வரைக்கும் வந்தது. யமகத்தா அதற்கு இருபது வருடம் முன்பே இறந்துவிட்டார்.

"அவரு நேரா எதுவும் செய்யல" என்றேன்.

"நீ எல்லாத்தையும் ரசிக்கிற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "காலைல பாசி, இப்போ தண்ணி. நல்லாத்தான் இருக்கு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நல்லா கட்டியிருந்தா போதுமா? அந்த ரயில் பாதையக்கூட நீ போய்ப் பாத்தா, பதினாறு மாசத்துல எப்படி முடிச்சான்னுதான் கேப்ப."

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால், கேட்பேன். மலையைக் குடைந்தார்களா வெட்டினார்களா, மரப்பாலத்தை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்பேன். அந்தக் கேள்வி இல்லாமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. அந்தக் கேள்வியோடு மட்டும் இருப்பதும் முடியாது என்று அவள் சொல்வது புரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்பது பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அப்போதுதான் அவள் கைப்பேசி அதிர்ந்தது. மாமியார் ஒரு படம் அனுப்பியிருந்தார். பாட்டியின் அடையாள அட்டை. கீழே ஒரு வரி: 'ஏன் கேக்குற? இதுலேயே இருக்கே.'

நீல அட்டை. பாட்டியின் பெயர். அதற்குப் பிறகு அ/பெ. மலாயில் அனாக் பெரம்புவான், இன்னாரின் மகள். அதற்குப் பிறகு அவர் பெயர். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டல், கொஞ்சம் கோணலாக, அப்படியே இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. இந்த நாட்டில் நம் எல்லாருடைய பெயரோடும் அப்பாவின் பெயர் வால் போல ஒட்டிக்கொண்டு வருவதைப் பற்றி நாம் நிறைய கேலி பேசியிருக்கிறோம். பாரங்களில் கட்டம் போதாது, விமான டிக்கெட்டில் சிக்கல், வெளிநாட்டுக்காரனுக்கு விளக்கிச் சொல்ல முடியாது.

அவள் படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக வாசித்தாள். பிறகு வாய்விட்டு ஒரு தடவை சொன்னாள். பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையசைத்தாள்.

*

நன்சென்-ஜியை எட்டும்போது மாலை நான்கரை. மேலே ஏற நேரம் இல்லாததால் பெருவாயிலைக் கீழிருந்தே பார்த்தோம். 1628-ல் தோதோ தகத்தோரா என்ற தளபதி கட்டியது. அதற்குச் சில வருடம் முன்பு நடந்த ஓசாகா முற்றுகையில் இறந்தவர்களுக்கான நினைவு அது. கருத்துப்போன மரத்தூண்கள் ஒவ்வொன்றும் இரண்டு பேர் கைகோத்தாலும் பிடிபடாத பருமன்.

வாயிலைத் தாண்டி வலப்பக்கம் போனால், கோயில் வளாகத்துக்குள்ளேயே செங்கல் வளைவுகள். சுய்ரோகாகு. சுமார் 93 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்ப்பாலம். 1888-ல் கட்டினார்கள். முரின்-ஆனில் பார்த்த பிவா ஏரிக் கால்வாயின் ஒரு கிளை இதன் தலைமேல் ஓடுகிறது. பக்கத்துப் படியில் ஏறிப் பார்த்தால் நீர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கும்.

1869-ல் தலைநகரம் தோக்கியோவுக்குப் போன பிறகு கியோட்டோ வாடியது. ஊரைத் தூக்கி நிறுத்த ஏரி நீரைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். பொறுப்பை ஏற்ற பொறியியலாளர் தனாபே சகுரோ. பட்டப்படிப்பின் ஆய்வேட்டையே இந்தக் கால்வாயைப் பற்றி எழுதியவர். வேலையில் சேர்ந்தபோது வயது 21. நான் அந்த வயதில் இறுதியாண்டுத் திட்டத்துக்கு வடிகால் மாதிரி ஒன்றைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். 1885-ல் தொடங்கி 1890-ல் முடித்தார்கள். முதல் சுரங்கம் மட்டும் 2,400 மீட்டருக்கு மேல். அடுத்த வருடமே கெஆகே என்ற இடத்தில் அந்த நீரில் மின்சாரம் எடுத்தார்கள். ஊருக்கு ட்ராம் வண்டி வந்தது.

கெஆகே அங்கிருந்து பத்து நிமிட நடை. அங்கே ஒரு சரிவில் பழைய தண்டவாளங்கள் அப்படியே கிடக்கின்றன. உயரம் மாறும் அந்த இடத்தில் படகுகளை வண்டியில் ஏற்றி ரயில் பாதையில் இழுத்தார்கள். இப்போது ஓட்டம் இல்லை. ஜோடி ஜோடியாகத் தண்டவாளத்தின்மேல் கைவிரித்து நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் தண்டவாளத்தில் ஏறவில்லை. ஓரமாகவே நடந்தாள்.

சரிவின் மேல்பக்கம் தனாபேயின் சிலை, கையில் வரைபடத்தோடு. அதன் அருகே ஒரு கல் நிற்கிறது. கால்வாய் வேலையில் இறந்தவர்களுக்காக 1902-ல், பணி முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து, தனாபே தன் சொந்தப் பணத்தில் வைத்தது. இறந்தவர்கள் 17 பேர். அவர்களால் ஆயிரமாயிரம் வீடுகள் நலம் பெற்றன என்ற பொருளில் கல்லில் எழுதியிருக்கிறது.

அவளிடம் சொன்னேன். அவள் கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"பதினேழு" என்றாள். "ரவுண்டு பண்ணல பாரு."

"ம்."

"எங்க தாத்தாவ ரவுண்டு பண்ணிட்டாங்க."

எங்கள் வேலையில் முழுமைப்படுத்தாமல் எதுவும் நடக்காது. மழையின் அளவு, மண்ணின் அளவு, சிமெண்டு மூட்டை எல்லாமே கிட்டத்தட்டதான். கடைசி இலக்கம் பெரிதாக ஒன்றையும் மாற்றாது என்றுதான் கற்றுக்கொடுக்கிறார்கள். 90,000 என்ற எண்ணில் கடைசி நான்கு இலக்கமும் சுழியம். அந்தச் சுழியங்களுக்குள் எங்கோ, பெரட்டில் தினமும் பெயர் கூப்பிடப்பட்ட ஒரு மனிதர் இருக்கிறார். 7 வயது மகளிடம் மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர். கழிப்பறைக் கல்லைக்கூட வீணாக்காமல் நட்சத்திரம் ஆக்கிய நாட்டில்தான் அந்தச் சுழியங்களும் விழுந்தன. நான் காலையில் பார்த்த பாசியை அது அழித்துவிடவில்லை. பாசியும் அதைப் பச்சையாக்கி மூடிவிடவில்லை.

இருட்டத் தொடங்கியதும் சுரங்க ரயிலுக்கு இறங்கினோம்.

*

ஊர் திரும்பி ஒரு மாதம் இருக்கும். பாட்டிக்கு ரத்த அழுத்த மருந்து முடிந்துவிட்டது. மாமியாருக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவரும் தெலுக் இந்தான் போய் அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். பாட்டி ஜப்பானைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. கோயில் படங்களைக் கைப்பேசியில் காட்டியபோது, "சுத்தமா வச்சிருக்கான்" என்றார். சோறு எப்படி என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம். பாட்டி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகப்பில் இருந்த மலாய்க்கார இளம்பெண் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டியின் முறை வந்தது. அட்டையில் உள்ளபடி, ஒன்றையும் விடாமல், முழுப் பெயரையும் உரக்க வாசித்தாள்: பாட்டியின் பெயர், அனாக் பெரம்புவான், அப்புறம் அவர் பெயர். கொஞ்சம் கோணலான உச்சரிப்புதான். அறை முழுக்கக் கேட்டது.

பாட்டி கண்ணைத் திறந்து, "நாந்தான்" என்று எழுந்தார்.